பழைய பவுன் காசு: உரசாமல், உருக்காமல் தரம் பார்க்கும் முறை

கோவை, ஈரோடு, கரூர் பக்கத்துப் பழைய குடும்பங்களில் சீர்ப் பெட்டியிலோ பூசை அறையிலோ ஒன்றிரண்டு பவுன் காசு இருக்கும். பெரும்பாலும் அவை பிரிட்டிஷ் சவரன்கள். ஒரு பக்கம் முக்காடிட்ட விக்டோரியா ராணி, வழுக்கையேறிய ஏழாம் எட்வர்டு, அல்லது அடர்ந்த முடியோடு ஐந்தாம் ஜார்ஜ். மறுபக்கம் குதிரை மேலிருந்து டிராகனோடு போரிடும் புனித ஜார்ஜ். எப்போதாவது இத்தாலியின் வெனிஸ் நகரத்துப் பழைய பொற்காசான, மெல்லிசான டுகாட் ஒன்றும் வரும்.

இவற்றை எட்டு கிராம் தங்கம் என்ற ஒரே கணக்கில் கடையில் மாற்றிவிடுவது வழக்கமாகிவிட்டது. பல காசுகளுக்கு அந்தக் கணக்கு பெரிதாகத் தப்பாது. ஆனால் எந்தக் காசுக்குத் தப்பும் என்பது நிலையைப் பார்த்தால்தான் தெரியும். உருக்கிய பிறகு பார்க்க ஒன்றும் மிஞ்சாது.

முதலில் செய்யக் கூடாதவை

புளி, பூந்திக்கொட்டை, பற்பசை, திருநீறு, வெள்ளைத் துணி எதையும் காசின் மேல் தேய்க்காதீர்கள். நகையைத் துலக்கத் திருநீறு நல்ல பொருள்தான். காசுக்கு அதுவே எமன். சவரன் 22 காரட், அதாவது ஆயிரத்தில் 916.7 பங்கு தங்கம். நுண்ணிய தூளும் அதன் மேல்தோலில் கீறலைப் போட்டுவிடும். அச்சடித்தபோது உண்டான பளபளப்பு அந்த மேல்தோலில்தான் இருக்கிறது. ஒருமுறை போனால் எந்தப் பட்டறையிலும் திரும்ப வராது. மெருகு போட்டால் வருவது வேறு பளபளப்பு, அதை லென்ஸில் பார்த்த உடனே சொல்லிவிடலாம்.

பூசையில் இருந்த காசில் குங்குமமும் சந்தனமும் எழுத்திடுக்கில் இறுகியிருக்கும். கண்ணாடிக் கிண்ணத்தில் காய்ச்சி வடித்த நீரை ஊற்றி, காசை ஒரு நாள் முழுக்க ஊறவிடுங்கள், இரண்டு மூன்று முறை நீரை மாற்றுங்கள். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் நன்றாக உலர்ந்தபின் தூய அசிட்டோனில் பத்து நிமிடம் வைக்கலாம். நகப்பூச்சு நீக்கும் திரவம் வேண்டாம், அதில் எண்ணெயும் வாசனையும் கலந்திருக்கும். அசிட்டோன் சட்டென்று தீப்பிடிக்கும், எனவே விளக்கும் அடுப்பும் இல்லாத, காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள். பிறகு துடைக்காமல், மெல்லிய பருத்தித் துணி மேல் வைத்துத் தானாக உலரவிட வேண்டும். அதற்கும் போகாத அழுக்கை அப்படியே விட்டுவிடுவது நல்லது. செம்புக் கலப்பால் வரும் சிவந்த புள்ளிகளையும் தொடாதீர்கள். அழுக்கோடு இருக்கும் காசுக்கு மதிப்பு உண்டு, தேய்த்த காசுக்குக் குறைவு.

காசை எப்போதும் விளிம்பில் பிடியுங்கள். முகத்தில் விரல் பட்டால் வியர்வை ரேகை செம்புக் கலப்பில் கறையாகத் தங்கும். கீழே மடித்த துண்டு ஒன்றை விரித்துக்கொண்டு பாருங்கள். சிமெண்டுத் தரையில் ஒருமுறை விழுந்தால் விளிம்பு நசுங்கும்.

எந்தக் காசு என்று அறிதல்

ஆண்டு, தலை, அச்சகக் குறி (காசை அடித்த நாணயச் சாலையின் அடையாளம்) மூன்றும் வேண்டும். விக்டோரியாவின் முக்காட்டுத் தலை 1893 முதல் 1901 வரை. சிறிய கிரீடம் வைத்த தலை 1887 முதல் 1893 வரை. அதற்கு முந்தியது இளம் தலை. எட்வர்டு 1902 முதல் 1910 வரை, ஐந்தாம் ஜார்ஜ் 1911 முதல் 1932 வரை. தலையும் ஆண்டும் பொருந்தாவிட்டால் அது நகைக்காகச் செய்த போலி, மேலே பார்க்க வேண்டியதில்லை.

எட்வர்டு, ஜார்ஜ் காசுகளில் அச்சகக் குறி குதிரைப் பக்கத்தில், ஆண்டுக்கு நேர் மேலே, தரைக் கோட்டின் நடுவில் ஒற்றை ஆங்கில எழுத்தாக இருக்கும். வெறும் கண்ணுக்கு எளிதில் தெரியாத அளவு சிறியது, பத்து மடங்கு லென்ஸ் வேண்டும். எம் என்றால் மெல்போர்ன், எஸ் சிட்னி, பி பெர்த், சி ஒட்டாவா, எஸ்.ஏ. என இரண்டு எழுத்து இருந்தால் பிரிட்டோரியா. குறி இல்லையென்றால் லண்டன். ஐ என்றிருந்தால் பம்பாய். பம்பாயில் சவரன் அடித்தது 1918 என்ற ஒரே ஆண்டில்தான். எனவே இந்த அரசர்கள் காசில் ஐ குறியோடு வேறு ஆண்டு இருந்தால் சந்தேகப்படுங்கள். குறி தேய்ந்து போயிருக்கிறதா, முதலிலிருந்தே இல்லையா என்பதையும் தீர்மானிக்க வேண்டும். 1917-இல் லண்டனில் அடித்த சவரன் மிக அரிது. அதனாலேயே அந்த ஆண்டுக் காசில் குறியைச் சுரண்டி எடுத்தும், முழுதாகவே போலியாகச் செய்தும் விற்றிருக்கிறார்கள். தரைக் கோட்டின் நடுவில் தட்டையான, கீறலுள்ள சிறு பள்ளம் தெரிந்தால் அங்கே எழுத்து இருந்து நீக்கப்பட்டது என்று கொள்ளுங்கள்.

எடையும் அளவும்

சவரனின் முழு எடை 7.988 கிராம், விட்டம் 22.05 மி.மீ., கனம் சுமார் 1.52 மி.மீ. அரைச் சவரன் 3.994 கிராம், விட்டம் சுமார் 19.3 மி.மீ. நம் கடைகளில் ஒரு பவுன் என்றால் முழு எட்டு கிராம். எனவே காசு 7 கிராம் 980 மில்லி காட்டினால் அது குறையில்லை, அதன் பிறவி எடையே அவ்வளவுதான். உள்ளிருக்கும் சுத்தத் தங்கம் 7.32 கிராம்.

பிரிட்டனின் 1870 நாணயச் சட்டம் புழக்கத்தில் இருக்கும் சவரனுக்குக் குறைந்தபட்ச எடையாக 122.5 கிரெயின் வைத்தது. அது 7.938 கிராம். இதை அளவுகோலாகக் கொள்ளலாம். 7.97-லிருந்து 7.99 வரை இருந்தால் தேய்மானம் மிகக் குறைவு. 7.94 வரை இயல்பான புழக்கத் தேய்மானம். அதற்கும் கீழே போனால் அராவியிருக்கலாம், அல்லது காசு மாலையில் ஒரு தலைமுறை உரசியிருக்கலாம். 8.00-ஐத் தாண்டினால் எங்கோ பற்றவைப்பு ஒட்டியிருக்கிறது, அல்லது காசே போலி.

எடைக்குப் பட்டறைத் தராசு போதும், மில்லி காட்டுவதாக இருக்கட்டும். விட்டம் அளக்க இரும்பு வெர்னியரை இறுக்காதீர்கள். பிளாஸ்டிக் வெர்னியர் நல்லது, இல்லையென்றால் இடையில் மெல்லிய காகிதம் வையுங்கள்.

உரைகல்லில் விளிம்பைத் தேய்த்துப் பார்ப்பது பத்தர்களின் பழக்கம். அவர் கையில் கொடுக்கும் முன்பே "கல்லுல உரசாமப் பாருங்ணா" என்று சொல்லிவிடுங்கள். உரசிய இடம் விளிம்பில் தட்டையாக, நிரந்தரமாக நிற்கும். அதற்குப் பதில் தண்ணீரில் அடர்த்தி பாருங்கள். தராசின் மேல் ஒரு சிறு கண்ணாடிக் குவளையில் பாதி நீர் வைத்துப் பூச்சியமாக்குங்கள். காசை மெல்லிய நைலான் நூலில் கட்டி, அடியையும் சுவரையும் தொடாமல் முழுக்க மூழ்கும்படி தொங்கவிடுங்கள். காற்றுக் குமிழ் ஒட்டியிருந்தால் எடுத்து மறுபடி மூழ்கவிடுங்கள். தராசு காட்டும் எடைதான் காசின் கன அளவு. நல்ல சவரனுக்கு அது 0.45 கிராம் அளவில் இருக்கும், அடர்த்தி சுமார் 17.7. செம்புக்குப் பதில் வெள்ளி கலந்த ஆரம்பகாலச் சிட்னிக் காசுகள் 0.44 காட்டலாம், நிறமும் சற்று வெளிறியிருக்கும். அதே எடையில் 18 காரட் காசு என்றால் 0.50-க்கு மேல் போகும். அதாவது அது கனமாகவோ அகலமாகவோ இருந்தே தீர வேண்டும். முலாம் பூசிய பித்தளையைச் சவரன் அளவில் செய்தால் 4 கிராம்கூட வராது, தராசிலேயே தெரிந்துவிடும்.

ஹால்மார்க் மையங்களில் எக்ஸ்-கதிர்க் கருவியில் வைத்தால் காரட் தெரியும், காசுக்குச் சேதமும் இல்லை. ஆனால் அது மேற்பரப்பை மட்டுமே படிக்கும். இன்னொன்றும் உண்டு: 1950-களில் இத்தாலியிலும் லெபனானிலும் செய்த போலிச் சவரன்கள் பல சரியான தங்கத்தில் செய்தவை. காரட் சரி என்பதால் காசு அசல் ஆகாது. அங்கே எழுத்தைத்தான் பார்க்க வேண்டும். அசலில் எழுத்தின் ஓரம் தளத்திலிருந்து கூர்மையாக எழும். போலியில் அது வழுக்கி உருண்டு, தளத்தில் சிறு குமிழ்களோ குழிகளோ தெரியும். எட்வர்டு, ஜார்ஜ் காசுகளைப் புத்தகப் பக்கம் போல இடவலமாகத் திருப்பினால் குதிரையும் நேராகவே நிற்க வேண்டும். தலைகீழாகவோ சாய்ந்தோ நின்றால் விசாரியுங்கள்.

விளிம்பு: நம் ஊர்க் காசுகளின் உண்மை இங்கேதான்

முகத்தைப் பார்த்து மயங்குகிறவர்கள் விளிம்பைத் திருப்பிப் பார்ப்பதில்லை. கொங்கு நாட்டுப் பெட்டிகளிலிருந்து வரும் சவரன்களில் பல ஒரு காலத்தில் காசு மாலையிலோ டாலராகவோ தொங்கியவை. எனவே தரம் பார்க்கும் நேரத்தில் பாதியை விளிம்புக்குக் கொடுங்கள்.

காசை இரு விரல்களில் விளிம்போடு பிடித்து, தலையின் உச்சியைக் கடிகாரத்தின் 12 என்று வைத்துக்கொண்டு லென்ஸில் ஒரு முழுச் சுற்று வாருங்கள். விளிம்பு வரிகள் எங்கும் ஒரே இடைவெளியில், கூர்மையாக இருக்க வேண்டும். 12 மணி இடத்தில் வரிகள் நின்றுபோய், வழவழப்பாக, வெளிறிய நிறத்தில் ஒரு திட்டு தெரிந்தால் அங்கே வளையம் பொடி வைத்துப் பற்றவைத்து, பிறகு எடுக்கப்பட்டிருக்கிறது. அதற்கு நேரே முகத்தில் உள்ள எழுத்தும் சூடு பட்டுச் சற்று மழுங்கியிருக்கும். காசைப் பக்கவாட்டிலோ தலைகீழாகவோ கோத்திருந்தால் திட்டு வேறு மணியில் வரும், எனவே உச்சியை மட்டும் பார்த்து நிறுத்தாதீர்கள். 3, 6, 9 மணி இடங்களில் ஒரே மாதிரியான சிறு அழுத்தங்கள் இருந்தால் நகக் கொக்கியில் பிடித்த டாலர். விளிம்பு வரம்பு முழுக்கத் தட்டையாகி, வெளிவட்டத்தில் மட்டும் நிறம் மாறியிருந்தால் வளையச் சட்டத்துக்குள் இருந்த காசு.

ஓட்டை போட்டு அடைத்ததும் உண்டு. தங்கத்தையே வைத்து அடைத்திருப்பார்கள். ஆனால் அடைத்த இடத்தில் எழுத்தை மறுபடி கையால் வெட்ட வேண்டியிருக்கும், அந்த எழுத்தின் உயரமும் கோணமும் மற்றவற்றோடு ஒத்துப்போகாது. இரண்டு பக்கத்திலும் ஒரே இடத்தில் இந்தக் குழப்பம் தெரிந்தால் உறுதி.

பற்றவைப்புத் தடம் உள்ள காசு முகத்தில் எவ்வளவு கூர்மையாக இருந்தாலும் சேகரிப்பாளர் தர வரிசையில் சேராது. அதன் விலை தங்கத்தின் விலைதான். விற்பவர் எவ்வளவு சொன்னாலும் இதில் தளர வேண்டாம். உங்கள் காசே அப்படி இருந்தால் தடத்தை அராவி மறைக்கவும் வேண்டாம், இருக்கும் எடையும் போகும்.

முகத்தைப் பார்த்தல்

வெயில் நேரே விழாத வடக்குப் பார்த்த திண்ணையின் காலை வெளிச்சம் நல்லது. இல்லையென்றால் ஒரே ஒரு மேசை விளக்கை ஒருபக்கமாக, 45 பாகை சாய்வில் வையுங்கள். கூரைக் குழல் விளக்கில் தரம் பார்க்காதீர்கள், நாலா பக்க வெளிச்சம் கீறலை மறைத்துவிடும்.

காசை மெல்லச் சாய்த்துச் சுழற்றுங்கள். தேயாத காசில் ஒளிக்கீற்று ஒன்று வண்டிச் சக்கரத்தின் ஆரம் போல நடுவிலிருந்து விளிம்புவரை சுழன்று வரும். மேடான இடங்களில் அந்தக் கீற்று அறுந்து, அங்கே மட்டும் நிறம் மங்கினால் அதுதான் தேய்மானத்தின் தொடக்கம். கீற்று அறாமல் வந்து, உருவம் மட்டும் தெளிவில்லை என்றால் அச்சு சரியாக விழவில்லை, காசு தேயவில்லை. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதுதான் புதியவர்கள் செய்யும் முதல் பிழை.

கீறல்களிலும் இதே கவனம் வேண்டும். தளத்தில் ஒரே திசையில் ஓடும் மயிரிழைக் கோடுகள் உள்வாங்கி இருந்து, எழுத்தின் மேலும் ஏறிப் போனால் யாரோ தேய்த்திருக்கிறார்கள். கோடுகள் மேலெழுந்து நின்று, எழுத்தின் ஓரத்தில் நின்றுவிட்டால் அவை அச்சை மெருகிட்டபோது அச்சில் விழுந்த கோடுகளின் பதிவு. பிறவிக் குறி அது, குற்றமில்லை. காசுகள் மூட்டையில் ஒன்றோடொன்று மோதி விழுந்த சிறு வெட்டுகள் புழங்காத சவரனிலும் இருக்கும். கன்னத்திலும் தளத்தின் நடுவிலும் உள்ள வெட்டு தரத்தைக் குறைக்கும். தாடியிலும் குதிரைப் பிடரியிலும் ஒளிந்தவை அவ்வளவு பாதிக்காது.

ஜார்ஜ் தலையில் முதலில் தேய்வது காதுக்கு மேலுள்ள முடி, பிறகு புருவம், மீசை. எட்வர்டுக்குக் காது மடலும் தாடியும். விக்டோரியா முக்காட்டுத் தலைக்குப் புருவமும், முக்காட்டின் மடிப்பு ஓரமும். குதிரைப் பக்கத்தில் வீரனின் தலைக்கவசம், தொடை, குதிரையின் மார்பு மூன்றையும் பாருங்கள். தலைக்கவசத்திலிருந்து பின்னால் நாடா பறக்கும் காசானால், அது முழுதாகத் தெரிகிறதா என்பது நல்ல அடையாளம். எல்லாக் காசிலும் அந்த நாடா இருக்காது. மற்றவற்றில் கவசத்தின் உச்சிக் கொண்டையும் தொடையின் தசையும் போதும்.

இனி தரம். ஐந்தாம் ஜார்ஜ் காசை வைத்துச் சொன்னால், காதுக்கு மேல் முடி ஒன்றாகக் கலந்து, குதிரை மார்பு தட்டையாகியிருந்தால் ஃபைன். முடி பாதி பிரிந்து, காது மடல் தெளிவாக இருந்தால் வெரி ஃபைன். மிக மேடான இடங்களில் மட்டும் மங்கல், எழுத்தைச் சுற்றி அச்சுப் பளபளப்பு மிச்சம் என்றால் எக்ஸ்ட்ரீம்லி ஃபைன். எங்கும் தேய்மானமில்லாமல் மூட்டை வெட்டு மட்டும் இருந்தால் அன்சர்குலேட்டட். 1 முதல் 70 வரை எண் போடும் ஷெல்டன் அளவில் அது 60-இல் தொடங்கும். இரண்டு பக்கத்தையும் தனித்தனியாக மதிப்பிட்டு, குறைந்ததையே காசின் தரமாக எழுதுங்கள். இரண்டு தரத்துக்கு நடுவில் தயங்கினால் கீழ்த் தரத்தைப் போடுங்கள்.

மெல்போர்ன், சிட்னி, பெர்த் அச்சகங்களின் சாதாரண ஆண்டுக் காசு வெரி ஃபைன் தரத்தில் இருந்தால் தங்க விலையை ஒட்டியே போகும். அதற்குத் தரச் சான்று வாங்கச் செலவழிப்பது வீண்.

டுகாட்டும் ரோமானியக் காசும்

வெனிஸ் டுகாட் 1284-இல் தொடங்கி 1797 வரை ஏறக்குறைய மாறாத எடையில் வந்தது: சுமார் 3.5 கிராம், கிட்டத்தட்டச் சுத்தத் தங்கம். ஒருபுறம் புனித மாற்குவின் முன் மண்டியிட்ட டோஜ் (வெனிஸின் ஆட்சித் தலைவர்), மறுபுறம் விண்மீன்கள் சூழ நிற்கும் கிறிஸ்து. கையால் சுத்தியலடித்து அச்சிட்டதால் உருவம் நடுவில் இல்லாமலும், ஓர் ஓரம் பதியாமலும் இருப்பது இயல்பு. அதைக் குறையாகக் கொள்ளாதீர்கள். பார்க்க வேண்டியது மடிப்பு. மெல்லிய சுத்தத் தங்கம் வளையும், நிமிர்த்திய இடத்தில் சாய்ந்த வெளிச்சத்தில் கோடு தெரியும். நகைக்காக இந்தியாவில் செய்த நகல்களில் இலத்தீன் எழுத்துகள் வெறும் குச்சிகளாக, படிக்க முடியாமல் இருக்கும்.

கரூர், வெள்ளலூர், பொள்ளாச்சிப் பகுதிகளில் கிடைத்த ரோமானியக் காசுகளில் பெரும்பாலானவை வெள்ளி. தங்கம் கிடைத்தால் எடை 7 கிராமுக்கு மேல் 8-க்குள் இருக்கும். தென்னிந்தியாவில் கிடைத்த ரோமானியப் பொற்காசுகள் பலவற்றில் பேரரசரின் தலைக்குக் குறுக்கே உளி வெட்டு ஒன்று இருக்கும். 1898 புதுக்கோட்டைப் புதையலில் அப்படி நிறைய. அது பழங்காலத்திலேயே போட்ட வெட்டு, காசின் வரலாற்றில் ஒரு பகுதி. நிரப்பவோ தட்டிச் சீராக்கவோ கூடாது. நிலத்திலிருந்து எடுத்தது என்றால் தரம் பார்ப்பதற்கு முன் செய்ய வேண்டியது வேறு: 1878 புதையல் சட்டப்படி மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும்.

பதிவும் பாதுகாப்பும்

ஒவ்வொரு காசுக்கும் ஒரு சீட்டு எழுதுங்கள்: அரசர், ஆண்டு, அச்சகக் குறி, எடை மில்லியில், விட்டம், இரு பக்கத் தரம், குறைகள் எந்த மணி இடத்தில் என்பது. இரண்டு முகமும் விளிம்பும் சாய்ந்த வெளிச்சத்தில் படம் எடுத்துச் சீட்டோடு சேருங்கள். கோவை ராஜ வீதிக்கோ வேறு எந்தக் கடைக்கோ கொண்டுபோகும்போது இந்தச் சீட்டு கையில் இருந்தால், உருக்கிப் பார்த்துத்தான் விலை என்ற பேச்சு வரும்போது மறுக்க உங்களிடம் விவரம் இருக்கும்.

மெத்தென்ற பி.வி.சி. உறை வேண்டாம். நாளடைவில் அதிலிருந்து கசியும் பிசுபிசுப்பு காசில் ஒட்டும். சவரனுக்கு 22 மி.மீ. கடின பிளாஸ்டிக் சிமிழ் போதும். ரப்பர் பேண்டு, செய்தித்தாள் இரண்டும் அருகில் இருக்கக் கூடாது. சிமிழை மூடும் முன் காசு முழுக்க உலர்ந்திருக்கட்டும்.

வெளிநாட்டுத் தரச் சான்று நிறுவனத்துக்கு அனுப்பலாமா என்று பலர் கேட்கிறார்கள். நூறாண்டு கடந்த காசு 1972 தொல்பொருள் சட்டத்தின் கீழ் வரும், தனிநபர் அதை நாட்டுக்கு வெளியே அனுப்ப முடியாது. நூறாண்டு ஆன சவரன் எல்லாம் இந்தக் கணக்கில் சேரும். கூரியர்க்காரர் வாங்கிக்கொண்டாலும் பொறுப்பு அனுப்பியவருடையது.